பொட்டா, பள்ளமா

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். நாலாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டது என்று ‘வேண்டா’ எனப் பெயர் வைத்து, அதையே பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலும் ஏற்றிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது. ஆனால் என் பெயருக்காக நான் யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை. நின்றதெல்லாம் என் நைனாவுக்காகத்தான். அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடு எங்களுடையது.

நைனாவின் பெயர் திருவேங்கடம். செங்கல்பட்டிலிருந்து தெற்கே போனால் மதுராந்தகத்துக்கு முன்னால் வருகிற படாளம் எங்கள் ஊர். எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் அவர் மேற்கு எல்லையில் டாங்கி ஓட்டினார். செஞ்சூரியன் என்று அதற்குப் பெயர். ஐம்பது டன் இரும்பு. எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டினவனே மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்த காலம் அது. அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? ‘பூஜை மிலிட்டரி.’

காரணம் ஒரு போட்டோ. சண்டை நின்ற கையோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். டாங்கியின் முன் தகட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, இருபத்திரண்டு வயசு நைனா ஓவராலோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் டாங்கியின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளை வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் கறுப்பாக ஒரு புள்ளி. நம் ஆட்களுக்கு இதைப் பார்த்தால் வேறு எதுவும் தோன்றாது. சந்தனத்தை வட்டமாக அப்பி நடுவில் குங்குமம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆயுத பூஜைக்கு பஸ்ஸுக்கும் லாரிக்கும் மாவு மில்லுக்கும் கிணற்று மோட்டாருக்கும் வைக்கிற அதே பொட்டு.

நைனா சொல்வது வேறு. அதெல்லாம் எதிரியின் குண்டு பட்ட இடங்கள். இரும்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக முடியாமல் குழி பறித்துவிட்டுப் போன இடங்கள். பட்ட வேகத்தில் சுற்றிலும் பெயிண்ட் தெறித்துப்போய் வெறும் இரும்பு வெள்ளையாகத் தெரிகிறது. நடுவில் கறுப்பாகத் தெரிவது பள்ளம். இதை அவர் சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை.

நம்பாதவர்களுக்கெல்லாம் தலைவர் கேசவன் மாமா. நைனாவுக்கு அத்தை மகன், என் அம்மா பொன்னிக்குத் தம்பி, எனக்குத் தாய்மாமன். படாளத்தில் லாரியும் வேனும் வைத்து ஓட்டுகிறவர். மச்சானைக் கிண்டல் செய்ய மச்சானுக்கு யாரும் லைசென்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. டீக்கடையில் நைனா வாயைத் திறந்தால் போதும், மாமா ஆரம்பித்துவிடுவார்.

“மச்சான், கதை வுடாத. நீ லீவுல வந்தப்போ இந்த போட்டோவ உங்கம்மா கையில குடுத்து இன்னா சொன்ன? ஆயுத பூஜைக்கி எடுத்ததும்மான்னு நீயே உன் வாயால சொன்ன. நான் பக்கத்துல ஒக்காந்துகினு கேட்டேன். அப்பறமா வந்து குண்டு பட்டுச்சின்னா எவன் நம்புவான்?”

இதைக் கேட்டதும் நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். நானே ஒருதரம் கேட்டிருக்கிறேன், பாட்டியிடம் அப்படிச் சொன்னது நிஜமா என்று. “சொன்னேன். இப்ப இன்னா அதுக்கு?” என்று எரிந்து விழுந்தார். அதற்கு மேல் கேட்க எனக்கே வாய் வரவில்லை.

மெடல் இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. அந்த வருஷம் பட்டாளத்தில் சோறு வடித்தவனுக்கும் ஒரு மெடல் உண்டு என்று மாமா அதற்கும் பதில் வைத்திருந்தார். சண்டை முடிந்து நைனாவை டாங்கித் தொழிற்சாலை இருக்கிற ஆவடிக்கு மாற்றினார்கள். அதுவும் ஊருக்கு வசதியாகப் போயிற்று. சண்டை நடந்தபோதே அவர் ஆவடியில் டாங்கியைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு இருந்தார் என்று கதை கட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மாமா தன் லாரிகளுக்குப் பொட்டு வைக்க நைனாவைத்தான் கூப்பிடுவார். “மிலிட்டரி கை ராசி” என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நைனா எல்லா வண்டிக்கும் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். அன்றைக்கு மத்தியானம் அவருக்குச் சோறு இறங்காது.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம். டிப்ளமா முடித்து தொண்ணூறுகளில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் டிராயிங் பிரிவில் சேர்ந்தேன். அப்போது அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குழாய்க் கூட்டத்தை நிஜமாகக் கட்டுவதற்கு முன்னால் அதையே பிளாஸ்டிக்கில் சின்னதாகச் செய்து பார்ப்பார்கள். எந்தக் குழாய் எதன் மேல் இடிக்கிறது, வால்வைத் திருக ஆள் கை நுழையுமா நுழையாதா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஒரு வால்வு அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் பிரித்துப்போட்டு மறுபடியும் ஒட்ட வேண்டும். அந்த வேலை எனக்கு வெறியாகப் பிடித்துவிட்டது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்து பிளாஸ்டிக் வேலை நின்றது. எனக்குக் கை அரித்தது. கூட வேலை பார்க்கிற மார்கரெட்டின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்கிற டாங்கி கிட் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். பிடித்துக்கொண்டேன்.

பொம்மை ஒட்டுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கூட்டம் தனி. சென்னையில் பத்து இருபது பேர், கல்பாக்கம் டவுன்ஷிப்பில் நாங்கள் நாலைந்து பேர். ஒரு டாங்கியைச் செய்கிறோம் என்றால் அது எந்த வருஷத்து டாங்கி, எந்தப் படையுடையது, அன்றைக்கு எந்தச் சக்கரத்தில் எந்த நட்டு கழன்றிருந்தது என்பது வரைக்கும் சரியாக இருக்க வேண்டும். போல்ட் எண்ணுகிற கூட்டம் என்று எங்களைக் கேலி செய்வார்கள். எண்ணத்தான் செய்கிறோம். அதிலென்ன வெட்கம்?

இரண்டாயிரத்து ஐந்தில் செஞ்சூரியன் கிட் ஒன்று என் கைக்கு வந்தது. முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. பெட்டியைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன். சும்மா ஒரு செஞ்சூரியன் இல்லை, போட்டோவில் இருக்கிற நைனாவின் டாங்கியையே செய்வது என்று. அந்த வருஷம் செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் ஆட்கள் மாடல் போட்டி வைப்பதாக இருந்தது. அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். முன்னால் ஒரு அட்டை நிற்க வேண்டும்: ‘மேற்கு எல்லை, டிசம்பர் 1971. ஓட்டியவர்: படாளம் திருவேங்கடம்.’ அதை ஊர் பார்க்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தது பழைய ரக செஞ்சூரியன். நம் பட்டாளத்து டாங்கியின் பீரங்கிக் குழாயில் நடுவில் ஒரு புடைப்பு உண்டு, புகையை வெளியே இழுப்பதற்கு. கிட்டில் அது இல்லை. பேனா மூடியை அறுத்து ராவிப் பொருத்தினேன். சக்கரத்தை மூடுகிற பக்கத் தகடுகள் கிட்டில் வரிசையாக முழுசாக இருந்தன. போட்டோவில் அந்த வரிசையில் முதலில் இருக்க வேண்டியதைக் காணோம். நைனாவிடம் கேட்டேன்.

“அதுவா? எங்கியோ மேட்டுல இடிச்சி பிச்சிகினு பூட்ச்சி.”

“பீரங்கி சுத்தற கோபுரத்துமேல பெட்டி மாரி ஒண்ணு கட்டியிருக்கே, அது இன்னா நைனா?”

“எனக்கு இன்னா தெரியும்? நான் உள்ள ஒக்காந்து ஓட்டினவன். ரெண்டு கண்ணாடிச் சந்து வழியா முன்னால இருக்கறது தெரியும். வெளிய என்ன தொங்குதுன்னு நான் கண்டேனா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாங்கி ஓட்டின மனுஷனுக்கு டாங்கியின் வெளிப்பக்கம் தெரியவில்லை. புத்தகங்களைப் புரட்டியும் கம்ப்யூட்டரில் தேடியும் அந்தப் பெட்டி எது, அந்தக் கம்பி எது என்று நான்தான் அவருக்குச் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். “அப்பிடியா, அதுக்கா அது” என்று தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் படாளத்து வீட்டு ஜன்னல் ஓரம் நான் வேலை செய்ய, அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சின்ன சின்ன சக்கரங்களுக்கு உப்புத்தாள் தேய்த்துக் கொடுத்தார். அவரை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

பச்சை பெயிண்ட் அடிக்கிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அடுத்தது அந்த வட்டங்கள். அங்கேதான் எனக்குக் கை நின்றுபோயிற்று.

யோசித்துப் பாருங்கள். அது பொட்டு என்றால் நான் தூரிகையை எடுக்க வேண்டும். பள்ளம் என்றால் கையால் திருகுகிற குட்டி டிரில்லை எடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக எடுக்க முடியாது. டீக்கடையில் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்று வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போகலாம். டாங்கியைச் செய்கிறவளுக்கு அது முடியாது. நைனா சொல்கிறார் என்பதற்காகப் பள்ளம் போடலாம்தான். ஆனால் ஒரு நட்டைக் கூட ஆதாரம் இல்லாமல் வைக்காதவள் நான். என் அப்பா சொன்னார் என்று போட்டிக் கூடத்தில் சொன்னால், உன் அப்பாவே பூஜை என்று சொன்னாராமே என்று மாமா எழுந்து நிற்பார்.

“நைனா, நல்லா யோசிச்சி சொல்லு. ஒவ்வொரு பள்ளமும் எவ்ளோ ஆழம், நீ கை வெச்சிப் பாத்தியா?”

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“பொட்டுன்னே வெச்சிடு வேண்டா. எவனும் ஒண்ணியும் கேக்க மாட்டான். பேஜாரு இல்ல.”

“நான் பொய்யா செய்ய மாட்டேன்.”

“அப்ப செய்யாத. என்ன வெச்சி இன்னொருதரம் ஊரு சிரிக்கணுமா? வுடு.”

எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் என் மேஜைப் பக்கமே வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நைனா மேல் இல்லை. முப்பது வருஷமாக ஒரு மனுஷனைச் சொல்லிச் சொல்லி அவர் வாயாலேயே பொட்டு என்று சொல்ல வைத்துவிட்டார்களே, அவர்கள் மேல்.

மறுநாள் போட்டோவை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன். மேட்டுத் தெருப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. ஸ்கேன் செய்து, எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கித் தரச் சொன்னேன். காலண்டர் அளவுக்கு வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகப் பொறுமை இல்லை. ஸ்டுடியோ வாசல் வெயிலிலேயே அதை விரித்து, என் டிராயிங் லென்ஸை வைத்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தேன்.

கறுப்புப் புள்ளி எதுவும் வட்டத்தின் நடுவில் இல்லை. எல்லாமே கொஞ்சம் இடது பக்கமாக ஒதுங்கி இருந்தது. புள்ளியாகவும் இல்லை, நறுக்கிய நகம் போல வளைந்து இருந்தது. குங்குமத்தை விரலால் வைக்கிறவன் ஒன்றை மேலே வைப்பான், ஒன்றைக் கீழே வைப்பான், ஒன்றை ஈஷிவிடுவான். இத்தனையையும் ஒரே பக்கமாக, ஒரே மாதிரி ஒதுக்கி எவன் வைப்பான்? அப்புறம்தான் நைனாவின் காலடியைப் பார்த்தேன். அவர் நிழல் வலது பக்கம் விழுந்திருந்தது. அப்படியென்றால் வெயில் இடது பக்கத்திலிருந்து வருகிறது.

வெயில் வருகிற பக்கமே நிழல் விழுகிற இடம் உலகத்தில் ஒன்றுதான். பள்ளம். பள்ளத்தின் விளிம்பு வெயிலை மறைக்கும், அந்த விளிம்பின் அடியிலேயே இருட்டு நிற்கும். மேடாக இருந்தால் நிழல் எதிர்ப்பக்கம் விழும். சந்தனம் மாதிரி தட்டையாக இருந்தால் நிழலே விழாது. டிராயிங் பிரிவில் சேர்ந்த முதல் மாதம் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. எத்தனையோ வருஷமாக எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தில் அது இருந்திருக்கிறது.

ஸ்டுடியோ வாசலில் நின்று நான் அழுதேன். ஸ்டுடியோக்காரர் படம் சரியாக வரவில்லையோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

நைனாவிடம் சொல்லவில்லை. வாயால் சொல்கிற கதைகள் எங்கள் ஊரில் ஏற்கெனவே போதுமான அளவுக்கு இருந்தன. டிரில்லை எடுத்தேன். படத்தில் தெரிகிற ஒவ்வொரு பள்ளத்தையும் அளந்து, அதன் அதன் இடத்தில் குடைந்தேன். சுற்றிலும் பச்சையைச் சுரண்டி வெள்ளி பெயிண்டை மெலிசாகத் தடவினேன். கடைசியாக நைனா. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பொம்மை, ஓவரால் போட்டு, முன் தகட்டில் சாய்ந்தாற்போல. அடியில் ஊசி வைத்துப் பலகையில் செருகினேன். படத்தில் எப்படியோ அப்படியே.

போட்டிக்கு வேன் கொடுத்தது கேசவன் மாமாதான். “ஆயுத பூஜை டாங்கிய நான்தான் இஸ்துகினு போவேன்” என்று ஊரில் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டார். நைனா வரமாட்டேன் என்றார். அம்மா சட்டையை எடுத்து நீட்டி, “பொண்ணு அவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சிகீது, போய்ட்டு வா” என்று தள்ளிவிட்டாள். வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

மண்டபத்தில் மேஜை மேஜையாக டாங்கிகள், விமானங்கள், கப்பல்கள். என்னுடையதை வைத்து, அட்டையை முன்னால் நிறுத்தினேன். மாமா அட்டையை உரக்கப் படித்தார். “டிசம்பராம், எல்லையாம்” என்று கூட வந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். நைனா தூண் பக்கம் நின்றுகொண்டார்.

நடுவர் பிரவின்குமார், சென்னையில் ஐ.டி. கம்பெனிக்காரர். டாங்கி விஷயத்தில் அவருக்குத் தெரியாதது கம்மி. குனிந்து, நேருக்கு நேராக டார்ச் அடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“பேரல் நீங்களே பண்ணதா மேடம்? பிரமாதம். இண்டியன் செஞ்சூரியன இவ்ளோ கரெக்டா யாரும் பண்ணி நான் பாக்கல. ஆனா ஒரு விஷயம் இடிக்குது. கார்டுல டிசம்பர் சண்டைன்னு போட்டிருக்கீங்க, டாங்கி மேல ஆயுத பூஜை பொட்டு இருக்கு. ஆயுத பூஜை செப்டம்பர் அக்டோபர்ல வந்துட்டுப் போயிடும். ரெண்டும் சேராது. கார்ட மாத்திக் குடுங்க. இது சண்டை டாங்கி இல்ல, பூஜை டாங்கி.”

“அத தான் சார் நான் முப்பது வருஷமா சொல்லிகினு கீறேன்” என்றார் மாமா பின்னாலிருந்து. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்களும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்கள். நைனா தூணை விட்டு வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

“நைனா, நில்லு” என்றேன். மண்டபமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருப்பேன் போல. அவர் நின்றார்.

“சார், பொட்டுதானே? நகத்த வெச்சிப் பாருங்க.”

“மாடல நாங்க தொடறதில்ல மேடம்.”

“செஞ்சவ நான் சொல்றேன். தொடுங்க.”

தயங்கித் தயங்கி விரலை நீட்டினார். கோபுரத்தின் பக்கத்தில் இருந்த வட்டத்தில் நகம் இறங்கியது. இன்னொன்றில் வைத்தார். அதிலும் இறங்கியது. முகம் மாறிவிட்டது. ஆனாலும் ஆள் சரியான ஆள். எங்கள் கூட்டத்துக்காரன் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

“ஹிட் மார்க்கா பண்ணியிருக்கீங்க. சரி. ரெஃபரன்ஸ் என்ன?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்துக்கொண்டு இருந்தேன். சுருட்டி வைத்திருந்த பெரிய படத்தை விரித்தேன். லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். “என் நைனாவோட நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு மொதல்ல பாருங்க சார். அப்பறம் பொட்டுக்குள்ள கறுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க.” அவர் நிழலைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். அடுத்த வட்டம், அதற்கடுத்தது. லென்ஸை எடுத்துவிட்டுத் தன் டார்ச்சை என் டாங்கிக்கு இடது பக்கம் பிடித்தார். நான் குடைந்த பள்ளங்களில் படத்தில் இருக்கிற அதே பிறை விழுந்தது.

“பள்ளம்தான்” என்றார். “எல்லாம் பள்ளம். மேடம், இது அடி வாங்கின டாங்கி. இவ்ளோ அடி வாங்கினத நான் எந்த புக்லயும் பாக்கல.” தன் கூட்டாளிகளைக் கை தட்டிக் கூப்பிட்டார். “இத ஓட்டினவர் இருக்காரா?”

“அதோ நிக்கறாரு” என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

மாமா யாரையும் கேட்காமல் லென்ஸை எடுத்துக்கொண்டார். லாரிக்காரருக்கு நிழலும் வெயிலும் தெரியாதா என்ன. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் பார்த்தது நைனாவை.

“மச்சான், அப்ப எதுக்கு உங்கம்மா கிட்ட பூஜைன்னு சொன்ன?”

நைனா மேஜைக்கு வந்தார். செய்து முடித்த பிறகு டாங்கியை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, சாய்ந்து நிற்கிற அந்தச் சின்ன பொம்மையை இரண்டு விரலால் பிடித்துப் பலகையிலிருந்து பிடுங்கினார்.

“ஒண்ணு கொறையுது” என்றார்.

“எது நைனா? படத்துல இருக்கற எல்லாத்தியும் போட்டேனே.”

“படத்துல அது இல்ல. நான் மறைச்சிகினு நின்னேன்.” பொம்மை சாய்ந்திருந்த இடத்தில், முன் தகட்டில், விரலை வைத்தார். “இங்க ஒண்ணு. எல்லாத்துலயும் பெரிசு. போட்டோ புடிக்கறேன்னு சொன்னதும் ஓடிப்போயி அதும்மேல சாஞ்சிகினேன்.”

அவரே சொன்னார்.

“நான் ஒத்தப் புள்ள. லீவு முடிஞ்சி திரும்பப் போவணும். அம்மா இத பாத்திருந்தா என்ன வுட்டிருக்குமா? மறைச்சது போவ மிச்சம் இருந்தத இது இன்னாடான்னு கேட்டுது. பூஜைம்மான்னு சொன்னேன். கன்னத்துல போட்டுகிச்சி. சாவற வரைக்கும் சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சி கும்பிட்டுகினு இருந்துது. அது உசுரோட இருக்கசொல்ல நான் எப்படிடா கேசவா உங்கிட்ட மல்லு கட்டுவேன்? அதும் காதுல வுழாதா? அது போன அப்பறம்தான் வாயத் தொறந்தேன், எவனும் நம்பல.”

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் பையைத் திறந்து டிரில்லை எடுத்தேன்.

“மேடம்” என்றார் பிரவின்குமார். குரலில் சங்கடம். “டேபிள்ல வெச்சப்புறம் மாடல்ல வேலை செஞ்சா போட்டியிலேருந்து எடுத்தாகணும். ரூல் அப்படி. ஃபர்ஸ்ட் ப்ரைஸ் உங்களுக்குத்தான். நாளைக்குப் பண்ணிக்கலாமே.”

“எடுத்துடுங்க சார். தப்பா இருக்கற மாடலுக்கு எனக்கு ப்ரைஸ் வேணாம்.”

டாங்கியைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நான் கேட்பதற்கு முன்னால் மாமா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தகட்டில் டிரில் நுனியை வைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் கீழ” என்றார் நைனா. “இந்தாண்ட. ஆங், அங்க. அந்த இரும்புக்கு அந்தாண்ட என் மூஞ்சி இருந்துது.”

டிரில் வழுக்கியது.

“ஆட்டாத மாமா.”

“ஆட்டல. நீ போடு.”

குடைந்தேன். பிளாஸ்டிக் தூள் சுருள் சுருளாக வந்தது. மற்றதை விட ஆழமாக, நைனா போதும் என்கிற வரைக்கும் போட்டேன். மாமா குனிந்து தூளை ஊதிவிட்டார். பிரவின்குமார் போட்டி நம்பர் ஒட்டிய சீட்டை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டார். அட்டையில் கை வைக்கவில்லை.

பொம்மையை வாங்கிப் பழைய இடத்தில் செருகப் போனேன். நைனா தடுத்தார்.

“அந்தாண்ட நிக்க வையி. இனிமே மறைக்க வேணாம்.”

தள்ளி நிற்க வைத்தேன். படத்தில் இருக்கிற மாதிரி இல்லைதான். ஆனால் டாங்கி அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மண்டபம் மூடுகிற வரைக்கும் நாங்கள் கிளம்பவில்லை. மாமா கிளம்பவிடவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து, “இது எங்க மச்சான் ஓட்டினது சார், இந்தக் குண்டு இந்தப் பக்கத்துலேர்ந்து வந்துது, இது அந்தப் பக்கத்துலேர்ந்து” என்று சொல்லிக்கொண்டு இருந்தார். பாதி தப்பு. நைனா பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு இருந்தார்.